பெரிய வெள்ளிக்கு வந்த மாஸ்டர்

மொன்றியலுக்குப் பக்கத்தில், கர்க்லாண்டில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் துப்புரவு வேலை செய்த காலம் அது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். செயின்ட்-மிஷேலில் மெட்ரோ எடுத்து, இறங்கி ஒரு பஸ், பிறகு இன்னொரு பஸ். பனிக்காலத்தில் அந்தக் கடைசி பஸ் வந்தால் வரும், வராவிட்டால் நடைதான். அப்போது திட்டிக்கொண்டே போனேன். இப்போது, கையால் துடைத்த பஸ் கண்ணாடிக்குள்ளால் வெளியே பார்த்த விடியல்களை நினைத்தால் இனிக்கிறது. முழங்கால் நல்லாயிருந்த காலம் எல்லாமே இனிப்புத்தான்.

அங்கே மூலை அறையில் ஒரு ஆங்கிலேயர் இருந்தார். பெயர் வேண்டாம், பிறகு நாங்கள் எல்லாரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டோம். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. என் ஆங்கிலம் வாளியும் தும்புக்கட்டையும் அளவுதான். ஆனாலும் நான் நிலம் துடைக்கத் துடைக்க அவர் கதை சொல்லுவார். நெசவாலை ஊரில் பிறந்தவராம். தாய் தேவாலயப் பியானோவுக்கு முன்னால் ஏற்றி இருத்தினாராம், கால் நிலத்தில் முட்டாத வயதில். உலக யுத்தக் காலத்தில் பட்டாளத்து முகாம்களில், பாதிக் கட்டை வேலை செய்யாத பியானோக்களில் வாசித்தாராம். பிறகு பெரிய பாடகர்களுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்துப் பயிற்சி கொடுத்திருக்கிறார். முதன்முதலில் ஒரு வாத்தியக் குழுவை நடத்தியது ஒரு கடற்கரை ஊரில். கேட்டவர்கள் விடுமுறைக்கு வந்த கிழடுகள், முன்வரிசை முழுக்க ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்ததாம். அதைச் சொல்லும்போது மட்டும் பல் தெரியச் சிரிப்பார். பியானோவும் தானே வாசித்து, குழுவையும் தானே நடத்துவதில் பெயர் எடுத்து, அப்படியே மொன்றியலுக்கு ஒரு வருடம் நடத்த வந்தவர், இங்கேயே கலியாணம் கட்டித் தங்கிவிட்டார்.

வலது கை நடுங்கத் தொடங்கியதோடு எல்லாம் நின்றது. கடைசி முறை, கை ஆடியதைப் பார்த்துக் குழுவில் பாதிப் பேர் முந்தித் தொடங்கிவிட்டார்களாம். அன்றிலிருந்து அந்தக் கை காற்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.

அந்த வருடம் எங்கள் தமிழ்ப் பங்குக் கோயிலில் பாடகர் குழுவை நடத்திய அண்ணாவியார் மகளோடு ரொறன்ரோவுக்குப் போய்விட்டார். பெரிய வெள்ளிக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலம் நெருங்கியது. அன்று, சிலுவையில் இறந்த இயேசுவுக்கு ஒப்பாரி பாட வேண்டும், பிடித்துத் தொடங்க ஆளில்லை. "ஆளுக்கொரு பக்கம் இழுக்குதுகள்" என்று குழுவில் பாடுகிற என் மனிசி வீட்டில் ஒரே புறுபுறுப்பு. அதை நான் மாஸ்டரிடம் சொன்னேன். பாடிக் காட்டு என்றார். தும்புக்கட்டையில் சாய்ந்துகொண்டு இரண்டு அடி பாடினேன். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, என்னைக் கூட்டிக்கொண்டு போ என்றார்.

மனிசியின் தம்பிதான் அவரைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். கோயிலுக்குக் கீழே உள்ள மண்டபத்தில் பயிற்சி. மாஸ்டர் இடது கையால் பியானோவில் மெட்டைப் பிடித்தார், சொற்களுக்குப் பொருள் கேட்டார். பிறகு எழும்பி, பைக்குள் இருந்து வலது கையை எடுத்து உயர்த்தினார். அது ஆடியது. பெண்கள் முந்தினார்கள், ஆண்கள் பிந்தினார்கள். திரும்பவும் அப்படித்தான்.

"மாஸ்டர், எந்த ஆட்டத்தில நாங்கள் தொடங்கிறது?" என்றான் தம்பிக்காரன். ஆண்கள் பக்கம் சிரித்தது.

"உனக்கு வாய்க்கொழுப்படா" என்றாள் மனிசி.

நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லையே. வானில் திரும்பும்போது மாஸ்டர் மெதுவாகச் சொன்னார், பெரிய வெள்ளியன்றும் இப்படியென்றால் இனி ஒருவருக்கு முன்னாலும் கை தூக்கமாட்டாராம். தபசு முழுக்க வந்து பழக்கினார். ஒருநாள் சரிவரும், மறுநாள் பிழைக்கும்.

ஒரு விஷயத்தை நாங்கள் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை. பயிற்சியில் கதிரையில் இருந்து அவர் கையைப் பார்த்துத்தான் பாடினோம். பெரிய வெள்ளியன்று அப்படியா பாடுவது? சிலுவைக்கு முன்னால் முழந்தாளிட்டு, பெண்கள் முக்காடு போட்டு, தலை குனிந்து, கண்ணை மூடித்தான் பாடுவோம். பிறந்ததிலிருந்து பழகினது. சுவாசிப்பதைப் போய் யார் விளங்கப்படுத்துவான்?

அன்று மாஸ்டர் கறுப்புக் கோட்டோடு முன்னால் நின்று கையை உயர்த்தினார். முழுப் பேரும் பொத்தென்று முழந்தாளில் விழுந்தார்கள். முக்காடுகள், மொட்டைகள். ஒரு முகம் இல்லை. கண் திறந்திருந்தவன் நான் மட்டும். உயர்த்திய கையோடு அந்த மனிதர் அப்படியே நின்றார். கோயில் முழுக்கக் காத்திருந்தது.

கையை இறக்கினார். வாங்குப் பலகையைப் பிடித்து, மெல்ல மெல்ல, என் மனிசிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டார். பிறகு மூக்கால் ஒரு மூச்சு இழுத்தார் பாருங்கள், தண்ணீருக்கடியில் கிடந்தவன் மேலே வந்து இழுப்பதுபோல. மனிசி அந்த மூச்சிலேயே வாயைத் திறந்தாள். அவளோடு அந்த வரிசை தொடங்கியது. அடுத்த அடிக்கும் மூச்சு. பின்னுக்கு இருந்தவர்களுக்கு அவர் மூச்சுக் கேட்டிருக்காது, முன்வரிசையின் மூச்சுக் கேட்டது. மூன்றாம் அடியில் ஆண் பெண் எல்லாரும் ஒன்றாக இழுத்து ஒன்றாக விட்டோம். அண்ணாவியார் காலத்திலும் அப்படி ஒரு ஒப்பாரி நான் கேட்கவில்லை.

முடிந்து கீழே கஞ்சி ஊற்றினார்கள். தம்பிக்காரன் தானே ஒரு கோப்பை கொண்டு வந்து நீட்டினான்.

"அத்தான், முழந்தாளில நிண்டு எப்பிடிப் பிடிச்சவர் எண்டு கேளுங்கோ."

கேட்டேன். அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்: "பியானோ வாசிச்சுக்கொண்டு நடத்தேக்க எனக்குக் கை எங்கை? மூச்சாலதான் கூப்பிடுவன். கையால மட்டும் நடத்தத் தொடங்கினாப் பிறகு அது மறந்துபோச்சு."

கோப்பையை வலது கையால்தான் வாங்கினார். கோட்டில் சிந்தியது, தரையில் சிந்தியது. துடைக்க ஓடிவந்த பெண்ணிடம், "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிச் சிரித்துக்கொண்டே குடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, உயிர்ப்புத் திருநாளுக்கு எத்தனை மணிக்கு வான் வரும் என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்க முதல் மனிசி என் முழங்கையில் இடித்தாள்.

"இஞ்சருங்கோ, அண்டைக்கு நாங்கள் நிண்டுதான் பாடுறது எண்டு இப்பவே சொல்லிப்போடுங்கோ."