ராஜமாணிக்கத்துக்கு ஐஸ் அனுப்பிவிட்டு எழுதுகிறேன்

இறால் பண்ணை ராஜமாணிக்கம் இன்று காலை சிதம்பரத்தில் இறந்துவிட்டார். உடம்பைக் கிடத்த ஐஸ் வேண்டும் என்று அவர் மகன் எனக்குத்தான் போன் செய்தான்.

அனுப்பிவிட்டேன். சாவு வீட்டு ஐஸுக்கு நான் காசு வாங்குவதில்லை... யார் செத்தாலும்.

பேஸ்புக்கைத் திறந்தால் எங்கும் அவருக்கு மாலை போட்ட போட்டோ. 'ஏழைகளின் தோழர்', 'மக்கள் சுகாதாரத்துக்குப் பாடுபட்டவர்'... அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு... கடலூர் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம். சொந்தபந்தம் எல்லாம் மீன்பிடிக் குடும்பங்கள். சுனாமிக்கு அப்புறம் சிதம்பரத்துக்குக் கிழக்கே புதுக் குடியிருப்பு கட்டிக் கொடுத்தார்களே, என் தங்கச்சி மல்லிகா அங்கேதான் குடி போனாள்.

வீடு நல்ல வீடு. கான்கிரீட் தளம். தண்ணீர்தான் இல்லை.

குடியிருப்புக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ராஜமாணிக்கத்தின் இறால் பண்ணை. குளத்தில் அவர் உப்புத் தண்ணீரைத் தேக்கித் தேக்கி, எங்கள் கைப்பம்பு உப்பாகிப் போனது.

ரோட்டோரத் தொட்டியில் நல்ல தண்ணீர் இருந்தது. பைப் போடப் பஞ்சாயத்தும் தயார். ஆனால் பைப் அவர் பண்ணைக் கரையைத் தாண்டித்தான் வர வேண்டும். "என் கரையில மம்பட்டி படக்கூடாது" என்றார். அதோடு சரி.

அந்த மனுஷன்தான் குடியிருப்பில் சுகாதார முகாம் நடத்தினார். பந்தல், பேனர், வீட்டுக்கு ஒரு சோப்பு. கை கழுவுவது எப்படி என்று ஒரு பெண் செய்து காட்டினாள்... அதற்கான தண்ணீர் அவர் வேனில், கேனில் வந்து இறங்கியது.

மல்லிகா எழுந்து கேட்டாள். "கேன் தண்ணியில நொரைக்குது சார். எங்க பம்பு தண்ணியில நொரையே வர மாட்டுதே?"

"நல்லா தேய்க்கணும்மா. சோம்பேறித்தனம் பண்ணக்கூடாது" என்றார் மைக்கில். முன்வரிசை சிரித்தது.

பம்புத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் சனங்கள் வாய்க்காலில் மொண்டு குடித்தார்கள். அந்த மழைக்காலத்தில் மல்லிகாவின் சின்னப் பெண் சுகந்திக்கு வயிற்றுப்போக்கு. சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள், ஆட்டோவில், என் மடியில்...

ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், "தண்ணிய காய்ச்சிக் குடுக்கக் கூடாதா?"

"வெறகு?" என்றாள் மல்லிகா.

துக்கத்துக்கு ராஜமாணிக்கமும் வந்தார். மாலை போட்டார். போகும்போது எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "சுத்தமா இருங்கன்னு அன்னைக்கே மைக்கு வெச்சி சொன்னமே" என்றார்.

அவர் பண்ணைக்கு ஐஸ் போடுகிறவன் நான். இறால் எப்போது பிடிப்பார் என்று எனக்குத் தெரியும்.

இறால் பிடிப்பில் ஒரு முறை உண்டு. ஐஸ் வண்டி கரையில் வந்து நின்ற பிறகுதான் மதகைத் திறக்க வேண்டும். குளத்துத் தண்ணீர் இறங்கிவிட்டால் இறாலை எடுத்தே ஆகணும், எடுத்த கையோடு ஐஸில் போட்டே ஆகணும்.

ராஜமாணிக்கம் அவசரக்காரர். சுகந்தி போன பிறகு வந்த பிடிப்பில், ஐஸ்காரன் எங்கே போய்விடுவான் என்று வண்டி வருமுன்பே மதகைத் திறந்துவிட்டார்.

என் இரண்டு லாரியும் குடியிருப்பு முனையில் நின்றன. போன் வந்தது.

"எங்கய்யா இருக்க? இறாலு வெயில்ல கெடக்குது."

"பக்கத்துலதான் இருக்கேன் மொதலாளி. டீ குடிக்கிறேன்."

"வெளையாடுறியா? ரேட்டு ஜாஸ்தி வேணும்னா சொல்லித் தொலை."

"ரேட்டு அதேதான். உங்க கரையை வெட்டணும். பைப்பு போவணும்."

"அது என் பட்டா நெலம்யா."

"ஆமாம். இறாலும் உங்க இறாலுதான்."

போனை வைத்துவிட்டு, வேறு ஐஸ் கேட்டு கடலூர் துறைமுகத்துக்குப் போன் போட்டிருக்கிறார். எடுத்தது என் மச்சான் சேகர். "செத்தது எங்க வூட்டுக் கொழந்த சார்" என்று கட் பண்ணிவிட்டான். வேறு எவனும் வண்டி எடுக்கவில்லை. அங்கே எல்லாரும் மாமன் மச்சான்தான்.

குடியிருப்புப் பையன்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "மாமா, ரேட்ட டபுளா ஏத்து மாமா."

"ஏத்துனா அவரு கெலிச்சிடுவாருடா. காசுதான் அவுருகிட்ட ஜாஸ்தியா கெடக்குதே."

வெயில் ஏற ஏற நாற்றம் கிளம்பியது. கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே நடந்து வந்தார். முகாமுக்கு அப்புறம் அவர் கால் எங்கள் தெருவில் பட்டது அந்தத் துக்க வீட்டுக்கும் இதற்கும்தான்.

"ஒரு சாவுக்கா இவ்ளோ வன்மம்?" என்றார்.

"ஒண்ணே போதும் சார்" என்றேன்.

ஒத்துக்கொண்டார். மம்பட்டியோடு ஆள்கள் தயாராக நின்றார்கள். பாதி இறால் போனது, மீதி தேறியது. எங்கள் குழாயில் இன்றைக்கும் தண்ணீர் வருகிறது.

செத்தவரை ஏசக்கூடாது என்று கமெண்டில் வருவீர்கள். வாங்க. நான் ஏசவில்லை, நடந்ததைத்தான் சொல்கிறேன். அவர் செய்த சுகாதார சேவையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போய் வாருங்கள் பண்ணைக்காரரே. அன்றைக்கு நீங்கள் தலையாட்டிய பேச்சு ஊருக்கும் தெரியட்டும்...

கரையில் முதல் மம்பட்டி விழுந்ததும் முதல் லாரி ஐஸ். பள்ளம் ரோட்டைத் தொட்டதும் அடுத்த லாரி. குழாயில் தண்ணீர் வராமல் அடுத்த பிடிப்புக்கு ஒரு கட்டி கிடையாது. ரேட், எப்போதும் போடுகிற ரேட்.

இதற்கெல்லாம் முன்னால்... எங்கள் பம்புத் தண்ணீர் ஒரு சொம்பு. மல்லிகா கையால் வாங்கி, நீங்கள் குடிக்கணும். மிச்சம் வைக்காமல்.