உதைத்தாலும் கழலாத சொக்கா

என் பெண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே போர்வை என்றால் ஆகாது. எதைப் போர்த்தினாலும் ஒரே உதை. பழைய புடவை, துப்பட்டி, அவள் அப்பாவின் வேட்டி என்று எதுவானாலும் அடுத்த நிமிஷம் காலடியில் கிடக்கும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அந்த வருஷம் வரவில்லை, ஏனென்றால் மாசி மகம் நெருங்கிக்கொண்டிருந்தது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. நான் செங்கல்பட்டில் வளர்ந்தவள். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், ஆள் நிறைந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டேன். மாசி மகத்துக்கு முதல் நாள் அந்த வீட்டார் அரிசி மில் டிராக்டரை வாடகைக்குப் பிடித்து, டிரெயிலரில் வைக்கோல் பரப்பி, கட்டுச்சோற்றுக் கூடைகளோடு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போவார்கள். இரவு மணலிலேயே படுக்கை. விடியும்போது கடலில் முழுக்கு. கல்யாணமான வருஷம் என்னையும் கூட்டிப் போனார்கள். புண்ணியம் கிடைத்ததா தெரியாது. அந்த வருஷத்திலேயே நான் அடுப்புப் பக்கம் போகாத ஒரே நாள் அதுதான். அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது. மறு வருஷம் பிள்ளைத்தாய்ச்சி என்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாம் வருஷம் கையில் பத்து மாதக் குழந்தை.

"பச்சப் புள்ளைய இட்டுகினு போயி பனியில போடுவியா? இன்னா பேச்சு இது? வூட்டோட கெட" என்றார் என் நாத்தனார். என் கணவரின் அக்கா அவர். அடுத்த தெருவில்தான் குடித்தனம் என்றாலும் எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு குறைந்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குழந்தைக்கு அதற்குள் இரண்டு முறை நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். திறந்த மணலில் கேட்கவே வேண்டாம். என் கணவர் வழக்கம்போல இரண்டு பேருக்கும் தலையாட்டினார்.

கோபம் வந்தால் என் வாய் மூடிக்கொள்ளும், கை வேலை செய்ய ஆரம்பிக்கும். உதைத்தாலும் கழலாத ஒன்றைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டால் யார் என்ன சொல்ல முடியும்? முதலில் கணவர் ஒரு கம்பளிச் சட்டை வாங்கிவந்தார். கழுத்தெல்லாம் சிவந்து, தெருவே கூடுமளவுக்குக் குழந்தை கத்தினாள். ஓரகத்தி தன் பெண்ணின் நைலான் கவுனைக் கொடுத்தாள். அதில் முதுகு வேர்த்துக் கொட்டியது, கால் வெறுமனே கிடந்தது.

ஒரு நாள் துவைத்த வெள்ளை உறைகளைத் தலையணைகளுக்கு மாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தை ஒரு உறைக்குள் தன் காலை விட்டுக்கொண்டு விளையாடினாள். எனக்குப் பொறி தட்டியது. இரண்டு காலையும் உள்ளே விட்டு, மார்பு வரை இழுத்து, தோளில் நாடா போட்டுக் கட்டிப் படுக்க வைத்தேன். உதைத்தாள். உறை காலோடு மேலே போய், காலோடு கீழே வந்தது. இன்னும் நாலு உதை விட்டுப் பார்த்து, அலுத்துப்போய்த் தூங்கினாள். எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் உள்ளே வந்தார். "அடிப்பாவி! வெள்ளத் துணியில காலு ரெண்டையும் சேத்துக் கட்டிக்கீறியே! எடு மொதல்ல!" என்று அலறினார். செத்தவர்களைத்தான் அப்படிக் கட்டுவார்கள். அவர் கண்ணால் பார்த்ததும் எனக்கும் அப்படியேதான் தெரிந்தது. பதறிப்போய் உருவி எறிந்தேன்.

கொஞ்ச நேரம் அழுதேன். அழுகை நின்றதும் வீம்பு வந்தது. வெள்ளைதானே கூடாது? கால் சேரக்கூடாது, அவ்வளவுதானே?

மறுநாளே குழந்தையோடு பஸ் ஏறிச் செங்கல்பட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் எடுத்துப்போட்ட வெளிர்நீலம், சாம்பல் எல்லாவற்றையும் ஒதுக்கினேன். தடித்த பிளானலில் நல்ல மஞ்சள், அதில் சின்னச் சின்னச் சிவப்புப் பூ. மஞ்சளைக் குறை சொல்ல எந்த நாத்தனாருக்கு வாய் வரும்? துணியை என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன், பிறகு குழந்தையின் கழுத்தில். கடைக்காரர் முறைத்தார். குழந்தை சிரித்தாள். வாங்கிவிட்டேன்.

தையல்காரர்தான் திணறினார். சட்டையும் கால்சட்டையும் ஒன்றாக ஒட்டியிருக்க வேண்டும். கால் இரண்டும் தனித்தனி, ஆனால் பாதம் மூடியிருக்க வேண்டும். பொத்தானைக் கடித்து விழுங்குவாள், அதனால் முதுகில் நாடா. ஈரத்துணி மாற்றப் பின்பக்கம் ஒரு திறப்பு.

"இன்னாம்மா, சொக்கான்றியா, மூட்டைன்றியா? காலை மூடணும்றே. கையி?"

"அதையும் மூடுங்க."

"வாயி?"

மூட வேண்டிய வாய் வேறு ஒன்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உடுப்பு வந்த அன்று நாத்தனாரிடம் போனேன். "அண்ணி, இன்னிக்கி நானும் புள்ளையும் வெளி வாசல்ல கயித்துக் கட்டில்ல படுத்துக்கிறோம். காலையில நீங்களே வந்து தொட்டுப் பாருங்க. சில்லுனு இருந்தா நான் மாசி மகத்தைப் பத்திப் பேச்சே எடுக்க மாட்டேன்" என்றேன். விடிந்ததும் முதல் ஆளாக வந்தார். கட்டில் சட்டத்தில் பனி முத்து முத்தாக நின்றது. பின்பக்கத் திறப்பு வழியாகக் கையை விட்டுப் பாதம் வரை தடவினார். 

"சூடாத்தான் கீது" என்றார் வேண்டாவெறுப்பாக. பிறகு, "டிராக்டர்ல ஓரமா குந்தாத, குலுக்கும். நடுவுல எடம் பாத்துக்க."

ஜெயித்துவிட்டேன்! வழி நெடுக வைக்கோலில் சாய்ந்துகொண்டு, யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

கடற்கரையில் பொழுது விடிந்தபோது விரிப்பெல்லாம் நனைந்திருந்தது. சுற்றிலும் பிள்ளைகள் தும்மிக்கொண்டிருந்தார்கள். என் பெண் மட்டும் மஞ்சள் மொத்தையாக மல்லாந்து தூங்கினாள். தெரியாத ஊர்ப் பெண்களெல்லாம் வந்து தொட்டுப் பார்த்தார்கள். எங்கே வாங்கியது, எந்தத் தையல்காரர் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் நாத்தனார் முந்திக்கொண்டார். "எங்க வூட்ல சொல்லித் தெச்சது. மஞ்சள்ல தான் தெக்கணும்னு நான்தான் கண்டிசனா சொன்னேன்."

எனக்குக் கோபமே வரவில்லை. பெருமையை அவர் எடுத்துக்கொள்ளட்டும். எனக்குக் கடல் போதும்.

அவர் குழந்தையை அலுங்காமல் எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "இன்னா பாத்துகினு கீற? போ, முழுகிட்டு வா. புள்ள என்கிட்ட கெடக்கட்டும்."

ஓடினேன். மூன்று முழுக்கு போதும் என்பார்கள். நான் எண்ணவில்லை. "போதும் வாம்மே, புள்ள தேடுது!" என்று கரையிலிருந்து அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அலைக்கு இந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தேன். தேடவில்லை, அவர் மடியில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முழுக்குப் போட்டேன்.