ஜும்மா நேரத்தில் ஆடிய தொட்டில்

எண்பதுகளில் தாராவியில் எங்கள் குடித்தனம் ஒரு பட்டறையின் தலைமேல் இருந்தது. கீழே என் வீட்டுக்காரர் பெல்ட்டுக்குப் பக்கிள் அடிக்கும் பிரஸ் மிஷினை இரவும் பகலும் ஓட்டுவார். மேலே ஒற்றை அறையில் நானும் கைப்பிள்ளையும். மிஷின் ஓடினால் தரை அதிரும், பாத்திரங்கள் கிணுகிணுக்கும், உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டில் தானாக ஆடும். ஊரிலிருந்து வருகிறவர்களுக்குத் தலை சுற்றும். எனக்கு அது வசதி. தொட்டிலை ஆட்ட எனக்கு ஆள் வேண்டாம் என்று பெருமை அடித்துக்கொள்வேன்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் பிள்ளை தூங்காமல் சிணுங்கிக்கொண்டே இருந்தான். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். தரை அதிர்ந்தது, பாத்திரங்கள் கிணுகிணுத்தன, தொட்டில் ஆடியது. அப்பாடா என்றிருந்தது. இனி தூங்கிவிடுவான் என்று அடுத்த மீனை எடுத்தேன்.

பிறகுதான் உறைத்தது. ஜும்மா தொழுகைக்குப் போகும்போது பட்டறையைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார். சாவி என் இடுப்பில் இருந்தது. கீழே ஆளே இல்லை.

பிள்ளையை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். படிக்கட்டெல்லாம் கிடையாது, சுவரில் சாத்திய இரும்பு ஏணிதான். அது சுவரில் இடித்துக்கொண்டே இருந்தது. மீன் கழுவிய கை வழுக்கியது. பாதியில் கால் தவறி, ஒரு கையில் பிள்ளையோடு தொங்கினேன். விழுந்தால் அவன் தலைதான் முதலில் அடிபடும் என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

எப்படியோ இறங்கியபோது எல்லாம் அடங்கியிருந்தது. சந்தில் யாரும் கண்டுகொள்ளவே இல்லை. நான் அக்கா முறையில் பழகும் எதிர்வீட்டு ராத்தா புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"பூமி ஆடிச்சு ராத்தா."

"லாரி போயிருக்கும்ளா. எங்க வீடு தெனமும்தான் ஆடுது."

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவளைச் சொல்லி என்ன, நானும்தானே மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

தொழுகை முடிந்து வந்த வீட்டுக்காரர், பள்ளிவாசலில் விளக்குகள் ஆடியதைப் பார்த்திருந்தார். நேரே மேலே ஏறினார். உத்தரம் சுவரில் உட்காரும் இடத்தில் புதிதாக ஒரு விரிசல். விரல் நுனி நுழைந்ததாம்.

"இனிமே நான் மேல ஏறமாட்டேன் மச்சான். கோவண்டில ஒங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருவோம்."

"போவோம். அங்க வச்சு மிஷின ஓட்ட எடம் இருக்கா? ஆர்டர் எவன் தருவான்?"

அவர் உத்தரத்துக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தார். நான் ராத்தா வீட்டிலேயே பிடிவாதமாக உட்கார்ந்துகொண்டேன். பிள்ளை அழ ஆரம்பித்தான். பால் கொடுத்தேன், தோளில் போட்டுத் தட்டினேன். ராத்தா பாடிப் பார்த்தாள். முகம் கன்றிப்போய், மூச்சு முட்ட அழுதான். அசையாத இடத்தில் தூங்க அவனுக்குத் தெரியவில்லை. அதைப் பழக்கியது நான்தான்.

கடைசியில் நானே ஏணியில் ஏறினேன். அவனைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் கீழே குரல் கொடுத்தேன்.

"மிஷின போடுங்க."

தரை அதிர்ந்தது. அவனுக்குக் கண் செருகியது. நான் விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த அதிர்வுக்குள் பூமியும் ஆடினால் எனக்கு எப்படித் தெரியும்?

அந்த வீட்டில் இன்னும் பல வருஷம் இருந்தோம். மிஷின் நிற்கும் வெள்ளிக்கிழமை மதியம் மட்டும்தான் நான் பயமில்லாமல் கண் மூடுவேன். அப்போது ஆடினால் அது பூமி என்று தெரிந்துவிடும்.