தகரக் கூரைக்குக் கீழே ஒரு கூலர்

என் தங்கை வீட்டுக்காரருக்கு எங்கள் தெரு வைத்த பெயர் ஐஸ்பெட்டி. காய்கறி வைக்கிற குளிர்கிடங்கில் பதினெட்டு வருட வேலை. அங்கே கதவு ஒரு நிமிடம் கூடுதலாகத் திறந்திருந்தால் போதும், முதலாளி வாயில் வராத வார்த்தை கிடையாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பீரோவோ ஜன்னலோ, திறந்து கிடந்தால் மனிதருக்குக் கை தானாகப் போய் மூடும்.

அவர் பகல் முழுக்கக் குளிரில் நிற்கிறார். தங்கை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே தையல் மெஷின் மிதிக்கிறாள். இந்தக் கோடையில் ஒருநாள் மெஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டாள்.

டாக்டர் கறாராகச் சொன்னார்: "மத்தியானத்துல அந்த ரூம்ல உட்காராதீங்கம்மா. இன்னொரு தடவை விழுந்தா நான் பொறுப்பில்ல."

காலையில் தண்ணீர், சமையல், பிள்ளைகள். அவளுக்குத் தைக்கக் கிடைப்பதே பதினொன்றிலிருந்து நாலு மணி வரைதான்.

"மெஷினை வித்துடலாம்ணே," என்றாள் என்னிடம். பதினாறு வயதில் பிடித்த தொழில். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஏசி என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த மாடி வயர் நூல் மாதிரி. அயர்ன் பாக்ஸ் போட்டாலே ஃபியூஸ் போய், கீழேயிருந்து வீட்டு ஓனரம்மா கத்துவார்.

எனக்குப் பழைய சாமான் கடை. ஒரு லீவு நாளில் ஐஸ்பெட்டி வந்து நின்றார்.

"மச்சான், சின்னதா எக்ஸாஸ்ட் ஃபேன் கிடக்கா?"

"கிடக்கு மாப்ள. என்ன, கிடங்கையே வீட்டுக்குத் தூக்கிட்டு வரப் போறீங்களா?"

"நக்கல் அப்புறம். முதல்ல எடுங்க."

ஃபேன், மீன்தொட்டிக்குப் போடுகிற குட்டி மோட்டார், பெரிய பிளாஸ்டிக் டிரம் ஒன்று. டிரம்மின் மூன்று பக்கம் வெட்டிச் சாக்கு கட்டினார். அடியில் இருக்கும் மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும். ஓட்டை போட்ட குழாய் வழியாக அது சாக்கில் வடியும். முன்பக்க ஃபேன் அந்த ஈரச் சாக்கு வழியாகக் காற்றை இழுத்து அறைக்குள் தள்ளும். எல்லாம் சேர்ந்து ஒரு குண்டு பல்பு தின்கிற கரண்டுதான்.

மனிதர் என்ன செய்தார்? கிடங்கு புத்தி! ஜன்னலைச் சாத்தினார், கதவைச் சாத்தினார், கதவிடுக்கில் பழைய துணியையும் திணித்தார். கால் மணி நேரம் ஜிலுஜிலுவென்று இருந்தது. பிறகு ஒரே புழுக்கம். வேர்வை காயவில்லை, துணி நமத்துப் போனது.

"குளிர் பத்தலை போல," என்று மறுநாள் கிடங்கிலிருந்து ஐஸ் கட்டி கொண்டுவந்து டிரம்மில் போட்டார். அறை இன்னும் மோசமானது.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் போனபோது ஐஸ்பெட்டியும் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். தங்கை கொதித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இது தையல் ரூமா, ஆவி பிடிக்கிற ரூமா? இதுக்கு வெயிலே தேவலை!"

டிரம்மை இழுத்துக்கொண்டு போய் ஜன்னலில் முதுகு வெளியே தெரிகிற மாதிரி நிறுத்தினாள். எதிர்க்கதவை ஓர் உதையில் திறந்தாள். வெளியிலிருந்து வறண்ட அனல் சாக்குக்குள் புகுந்து, குளிர்ந்து, அறையைக் கடந்து அந்தக் கதவு வழியாகப் போனது. கழுத்து வேர்வை அப்படியே காய்ந்தது.

ஐஸ்பெட்டியின் கை மெதுவாகக் கதவுப் பக்கம் போனது.

"கை வெச்சீங்க, விரலுக்கும் சேர்த்துத் தையல் போட்டுடுவேன்!"

மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். திறந்த கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கிடங்குல உள்ள காத்தையே திரும்பத் திரும்பக் குளிர வைப்போம் மச்சான். இதுக்குப் புதுக் காத்து வந்துகிட்டே இருக்கணும், ஈரக் காத்து போய்கிட்டே இருக்கணும். பதினெட்டு வருஷம் வேலை பார்த்தும் இது தோணலை பாருங்க."

"இப்பவாவது தோணுச்சே," என்றாள் தங்கை. மெஷின் ஓட ஆரம்பித்தது.

கத்திரி வெயில் முழுக்க ஓடியது. மயக்கமும் இல்லை, ஃபியூஸும் போகவில்லை. புதிதாக என்ன ஓடுகிறது என்று சத்தம் போட மேலே வந்த வீட்டு ஓனரம்மா கூலர் முன்னால் உட்கார்ந்தவர், ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. போகும்போது நாலு ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார்.

போன வாரம் தங்கை என் கடைக்கு வந்தாள். ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் திரைச்சீலை தைக்கிற வேலை கிடைத்திருக்கிறதாம். எதிர்வீட்டுப் பெண்ணையும் கூட உட்காரச் சொல்லியிருக்கிறாளாம்.

"அண்ணே, பழைய தையல் மெஷின் ஏதாவது கடைக்கு வந்தா வேற யாருக்கும் கொடுத்துடாதே. எனக்கு இன்னொண்ணு வேணும்."