மலைக்கு மாமனார் பெயர்

என் மாமனாரின் பெயரை நான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை. கட்டிக்கொடுத்த பெண் புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் சொன்னால் அவர்கள் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. என் மாமனாருக்கு வைத்திருந்ததோ சாமி பெயர். ஊரே திருநீறு பூசும்போது சொல்கிற பெயர் எனக்கு மட்டும் கிடையாது. 'அப்பனே' என்று சொல்லிப் பூசிக்கொள்வேன். அந்த அப்பனுக்கு வேறு பெயர்களும் இருந்ததால் பிழைத்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி, திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தேன். முன்னால் பலசரக்குக் கடை, பின்னால் ஒற்றை அறை, அதில் ஏழு பேர். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தலைக்கு மேலே பலகை அடித்த பரண். அதில் நிமிர்ந்து உட்கார முடியாது. பின்சுவரில் ஜன்னல் இல்லை. இருந்தாலும் திறக்க முடியாது, அந்தப் பக்கம் தோல் பதனிடும் கொட்டகை. வெளியே போக ஒரே வழி கடை வழி. கல்லாவில் மாமனார் இருப்பார். குழாயடிக்குப் போனாலும் எங்கே போகிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் தாண்ட வேண்டும். முதல் வருஷம் முழுக்க எனக்கு மூச்சு முட்டியது. அதற்குப் பிறகும் முட்டியது, ஆனால் பழகிவிட்டது.

ஒரு தடவை ரேஷன் ஆபீசில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டார்கள். மராட்டிக்கார கிளார்க், 'நாம் போலோ, நாம்' என்று இந்தியில் பெயரைக் கேட்டு மேஜையைத் தட்டினார். நான் வாயே திறக்கவில்லை. எனக்குப் பின்னால் வாசல்வரை வரிசை. சுவரில் அந்தச் சாமி படம் இருந்தால் கையைக் காட்டலாமே என்று தேடினேன். பிள்ளையார்தான் இருந்தார். திரும்பி வந்துவிட்டேன். கார்டு இல்லாமல் வந்ததற்குத் திட்டு விழுந்தது, பெயரைச் சொல்லாமல் வந்ததற்குப் பாராட்டும் கிடைத்தது. இரண்டும் கல்லாவில் இருந்த அதே ஆளிடமிருந்து.

பக்கத்து அறை மராட்டிக்காரியும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். ஆனால் நல்ல நாள் வந்தால் இரண்டு வரிப் பாட்டுக்குள் அந்தப் பெயரை வைத்துச் சொல்லிவிடுவாள், சுற்றியிருக்கிற பெண்கள் கைதட்டிச் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சலுகைகூட இல்லை. அவளைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன்.

எனக்கு இருந்த ஒரே வெளிச்சம் மலை. மாதா மாதம் கிருத்திகை அன்று அத்தையும் (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) நானும், பிறகு என் மகளும், சயானில் பஸ் ஏறிச் செம்பூருக்குப் போவோம். டிராம்பே போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மொட்டைப் பாறைக் குன்று. கட்டடம் கட்ட வந்த நம் ஊர் ஆட்கள் அதன் உச்சியில் இரும்பு வேல் ஒன்றை நட்டுக் கும்பிட ஆரம்பித்திருந்தார்கள். மேலே நின்றால் ஒரு பக்கம் ஆலைப் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் உப்பளமும் கழிமுகமும். காற்று அடிக்கும். அங்கேதான் நான் முழு உயரத்துக்கு நிற்பேன். ஒரு மணி நேரம் நிற்பதற்காக ஒரு மாதம் குனிந்து கிடந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்குப் பெயர் கிடையாது. மலை என்றால் மலை. என் மகளுக்கு மூன்று வயதானபோது அங்கே படி கட்டினார்கள். படி வந்ததும் பலகை வைக்க வேண்டும் என்றார்கள். பலகை என்றால் பெயர் வேண்டுமே.

பெயர் வைக்க மூன்று பேர் எங்கள் கடையில் கூடினார்கள். படிக்குச் சிமெண்ட் வாங்கிக் கொடுத்தவர் என்ற முறையில் என் மாமனார். மாட்டுங்காவிலிருந்து ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் ஹெட் கிளார்க். வேல் நட்டவர்கள் சார்பில் ஒரு கொத்தனார். நான் திரைக்கு இந்தப் பக்கம் டீ போட்டுக்கொண்டே கேட்டேன். ஹெட் கிளார்க் 'ஷண்முகாசலம்' என்றார். சாஸ்திரப்படி மலைப் பெயர் அப்படித்தான் முடிய வேண்டுமாம். கொத்தனார், நட்டது வேல், அதனால் 'வேல்குன்று' போதும் என்றார். என் மாமனார் தன் பெயரையே சொன்னார். அதன் வாலில் ஒரு 'மலை'யை ஒட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

கொத்தனார் லேசாகச் சிரித்திருக்க வேண்டும்.

"சாமி பேருல்லா சொல்லுதேன். எம் பேரையா வைக்கச் சொல்லுதேன்?" என்றார் மாமனார்.

ஒன்றில் மட்டும் மூவரும் ஒத்துப்போனார்கள். பெயர் வைத்த பிறகு யாரும் மொட்டையாக மலை என்று சொல்லக் கூடாது. ஏறும்போது படிக்கு ஒரு தடவை மலையின் பெயரைச் சொல்லித்தான் ஏற வேண்டும். நான் டீ வடிகட்டியைப் பிடித்தபடி நின்றேன். மாமனார் பெயர் வந்துவிட்டால் நான் எப்படி ஏறுவேன்? எல்லாப் பெண்களும் சொல்லிக்கொண்டு ஏற, நான் ஊமையாக ஏற வேண்டும். அது போகட்டும், கல்லாவைத் தாண்டும்போது எங்கே போகிறேன் என்று எதைச் சொல்வேன்? அந்த ஆளிடமே அந்த ஆளின் பெயரையா? இருந்த ஒரு கதவையும் அடைக்கிறார்களே என்று அழுகை வந்தது.

பேச்சு முடியாமல், திருவுளச் சீட்டுப் போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. மூன்று பெயரையும் மூன்று சீட்டில் எழுதிச் சுருட்டிச் சொம்பில் போட்டு, எழுத்துத் தெரியாத குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. எது வருகிறதோ அது சாமி சித்தம். யார் எழுதுவது என்று வந்தபோது ஒருவர் எழுத மற்ற இருவரும் சம்மதிக்கவில்லை. என் கையெழுத்து அழகு, ஊருக்குப் போகிற கடிதமெல்லாம் நான்தான் எழுதுவேன் என்று மாமனார் சொன்னார்.

"பொம்பளப் பிள்ளைக்கு இதுல என்ன கட்சி இருக்கு?"

ஹெட் கிளார்க்கும் தலையாட்டினார். எனக்குக் கட்சி உண்டா என்று திரை விலக்கி ஒருவரும் கேட்கவில்லை.

எழுதலாமா என்று அத்தையிடம் கேட்டேன். வாயால்தான் சொல்லக் கூடாது, கையால் எழுதினால் தோஷமில்லை, கடிதத்தில் எழுதவில்லையா என்றாள். கிருத்திகைக்கு முந்தின நாள் மத்தியானம், ஆண்கள் கடையில் இருக்க, காலண்டர் தாளை மூன்றாகக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்தேன். அத்தை தரையில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். முதல் சீட்டில் மாமனார் பெயரை எழுதினேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அடுப்பில் போட்டேன். இன்னொரு தாள் கிழித்து வேல்குன்று என்று எழுதினேன். அடுத்ததிலும் வேல்குன்று. மூன்றாவதிலும் அதுவே. வேறு வேறு ஆள் எழுதினதுபோலக்கூட மாற்றி எழுதத் தோன்றவில்லை. சாமிக்கே கள்ளச் சீட்டுப் போடுகிறேன், எனக்கு நல்ல சாவு வருமா என்று பயந்தேன். ஆனாலும் சுருட்டினேன்.

மறுநாள் காலை மலையில் நூறு பேருக்குக் குறையாது. சொம்பைக் குலுக்கி வேலுக்கு முன்னால் வைத்தார்கள். என் மகள் கையை விட்டு ஒன்றை எடுத்தாள். ஹெட் கிளார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். கொத்தனாரின் ஆட்கள் அரோகரா போட்டார்கள். மாமனார் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அந்தக் காற்றில் வியர்க்க நியாயமில்லை.

நான் மூச்சு விடுவதற்குள் ஹெட் கிளார்க் சொன்னார், மற்ற இரண்டையும் பிரித்து எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும், அதுதான் முறை, நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது பாருங்கள் என்று. ஓடலாம் என்றால் படி முழுக்க ஜனம். மகளை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவர் சொம்பை நோக்கிக் குனிந்தார்.

அத்தை அவரை முந்திக்கொண்டாள். ஆண்கள் இருக்கிற இடத்தில் வாயே திறக்காதவள். சொம்பை எடுத்து, எரிகிற கற்பூரத்தட்டில் அப்படியே கவிழ்த்தாள்.

"சாமி வேண்டாம்னு விட்ட பேரப் பிரிச்சுப் பாக்கப்பிடாது," என்றாள்.

தாள் இரண்டும் சுருண்டு கருகின. மாமனார் அவளை முறைத்தார், ஆனால் சாமி பேச்சு என்பதால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஹெட் கிளார்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆண்கள் பின்தங்கிவிட, நாங்கள் மூன்று பேரும்தான் பஸ்ஸில் திரும்பினோம். செம்பூர் தாண்டியதும் அத்தை என் காதருகே குனிந்தாள்.

"எனக்கு எழுத்துத்தான் தெரியாதுட்டி. மூணும் ஒண்ணு போல இருந்தது கண்ணுக்குத் தெரியாதா?"

மாமாவிடம் சொல்லிவிடுவீர்களா என்று கேட்டேன். அவள் தன் கதையைச் சொன்னாள். முப்பது வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லாமல் இருக்கிறாளாம். தைப்பூசத்துக்குப் பெண்களெல்லாம் சேர்ந்து பாடும்போது உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பாளாம். அதை யாரும் கவனித்ததே இல்லை என்றாள். நானும் கவனித்ததில்லை. அது எனக்கு வெட்கமாக இருந்தது. நான் ஒருத்திதான் அடைபட்டுக் கிடக்கிறேன் என்று நினைத்திருந்தேன், அதே அறையில் எனக்குக் கீழே முப்பது வருஷக்காரி படுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாலும் நான் மறுக்கவில்லை. மறுக்கும் நிலையில் நான் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கால் பிடிக்கச் சொன்னால் பிடித்தேன், அம்மா வீட்டுக்குப் போவதைத் தள்ளிப்போடச் சொன்னால் தள்ளிப்போட்டேன். அவள் ஒருநாளும் அந்தச் சீட்டைப் பற்றிப் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமே வரவில்லை.

அடுத்த கிருத்திகை அன்று புறப்படும்போது மாமனார் எங்கே என்று கேட்டார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தை அழுத்தம் திருத்தமாக, "வேல்குன்றுக்கு," என்றாள். சயானில் பஸ் ஏறினோம். வழக்கமாக டிக்கெட் வாங்குவது நான்தான், அத்தைக்கு இந்தி வராது. கண்டக்டர் வந்து 'கிதர்' என்று எங்கே போகிறோம் எனக் கேட்டார். அத்தை என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, "வேல்குன்று," என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் இன்னொரு தடவை, பஸ் முழுக்கக் கேட்கிறமாதிரி, "வேல்குன்று," என்றாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டருக்குக் கோபம் ஏறுவதைப் பார்த்து நான் இடையில் புகுந்து, செம்பூர், இரண்டு டிக்கெட் என்று இந்தியில் சொன்னேன்.

அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"நாந்தான சொல்லிக்கிட்டு இருக்கேன். நீ ஏன் வாயத் தொறக்கே?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.