ஐசக் சாரை எங்கே வைப்பது?

ஐசக் சார் போய்விட்டார். நேற்று காலை டூட்டிக்குக் கிளம்பி, ஷூ மாட்டக் குனிந்தவர்தான்... ஹார்ட் அட்டாக்.

நேற்றிலிருந்து அவரை எங்கே அடக்கம் செய்வது என்று ஒரே இழுபறி. இருக்கும்போதும் என்னை நிம்மதியாக விடவில்லை மனுஷன், போயும் விடவில்லை.

தெரியாதவர்களுக்கு... துபாய் பக்கம் ராஸ் அல் கைமாவில் எங்கள் டைல்ஸ் கம்பெனியின் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். பம்பாய் யூதர். மனைவி ஸ்டெல்லா அக்கா தூத்துக்குடி, கிறிஸ்தவர். அக்காவிடம் தமிழ் கற்றதால் என்னை "ஏலே" என்றுதான் கூப்பிடுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், பெயரை நம்பி, கேக் வாங்கிக்கொண்டு போய் "ஹேப்பி கிறிஸ்மஸ் சார்" என்று நின்றேன்.

"அது அவளுக்குலே. எனக்கு ஹனுக்கா, போன வாரமே முடிஞ்சிட்டு." கேக்கை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அந்த ஹனுக்கா பண்டிகை இருக்கிறதே... வருஷா வருஷம் தேதி மாறும். எட்டு நாள், தினமும் சாயங்காலம் ஒரு மெழுகுவர்த்தி கூட்டி ஏற்ற வேண்டும். அதனால் எட்டு நாளும் ஈவினிங் ஷிப்ட் கூடாது. அப்புறம் அக்காவோடு சர்ச்சுக்குப் போக கிறிஸ்மஸ் லீவ் வேறு! ஷிப்ட் போடுகிற தலைவலி என்னுடையது.

"சார், எனக்கு தீபாவளிக்கே அரை நாள்தான்" என்று கத்துவேன். "நீயும் வேற மதத்துல கெட்டியிருக்கணும்லே" என்பார்.

இந்த வருஷமும் எட்டு நாளும் மார்னிங் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாளே போய்விட்டார். மீதி ஐந்து நாளை நான் என்ன செய்யட்டும்?

கிறிஸ்மஸ் அன்று அவர் வீட்டில் மட்டன் பிரியாணி. ஆனால் தயிர் பச்சடி கிடையாது. கறியும் பாலும் ஒரே மேஜையில் கூடாதாம். ஒன்பது வருஷம் பச்சடி இல்லாமல் பிரியாணி தின்றவன் நான்!

ஒருமுறை பொறுக்க முடியாமல் பையில் லபன் மோர் பாட்டிலை ஒளித்துக்கொண்டு போனேன். கண்டுபிடித்து, வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். "தின்னுட்டு போறப்ப குடி."

அக்கா சிரித்தார். "மொத கிறிஸ்மஸுக்கு நான் அழுதேன் தம்பி. இப்ப பழகிட்டு. அவரும் எனக்கு ஸ்டார் கெட்டித் தாராருல்லா."

நேற்று பம்பாயிலிருந்து சாரின் அண்ணன் போன். பாடியை அனுப்புங்கள், எங்கள் கல்லறையில் வைக்கிறோம் என்றார்.

"பொறவு எனக்கும் அங்கன இடம் உண்டா?" என்று அக்கா கேட்டார். அண்ணன் போனை வைத்துவிட்டார்.

தூத்துக்குடிக்கு போன் போட்டோம். அங்கே சர்ச் கல்லறையில் சாருக்கு இடமில்லையாம்.

அட போங்கப்பா... முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள்!

"அப்ப இங்கனயே வச்சிருவோம்" என்றார் அக்கா. இங்கே முஸ்லிம் அல்லாத எல்லாருக்கும் ஒரே கல்லறைதான்.

இன்று காலையிலிருந்து ஒவ்வொரு கவுண்டராக ஏறி இறங்கி பேப்பர் வாங்கிவிட்டேன். கடைசியில், பக்கத்து இடத்தை அக்காவுக்கு புக் பண்ண முடியுமா என்று கேட்டேன். "மாஃபி" என்றார் அங்கிருந்தவர். கெஞ்சினேன். கத்தியும் பார்த்தேன். இல்லை என்றால் இல்லைதான்.

அக்காவிடம் சொன்னேன். சாரின் ஷூவை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அதுதான் தாங்கவில்லை.

நாளை காலை பத்து மணிக்கு அடக்கம். ஷிப்ட் எல்லாருக்கும் மாற்றிவிட்டேன், வந்துவிடுங்கள்.

சார்... கொஞ்சம் ஒதுங்கிப் படுங்க. அக்காவுக்கும் இடம் வேணும்.