மாமா பார்த்த அரண்மனை

நெப்போலியனின் படுக்கையறையை முதன்முதலாக நான் பார்த்தது மெல்பேர்னின் கிளேட்டனில், எங்கள் வீட்டு விறாந்தையில் கட்டிய ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பில். எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு ஒன்பது வயது.

அரண்மனையைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கட்டடங்களுக்குப் படம் கீறுவது அவருடைய தொழில். லண்டனிலிருந்து மெல்பேர்னுக்குக் குடிவரும் வழியில் பாரிஸில் மூன்று நாள் தங்கி, ஃபொன்தென்புளோ அரண்மனைக்கும் போய்வந்தவர். அதன்பிறகு எங்கள் வீட்டில் எவரும் சுவரைப் பற்றியோ கதிரையைப் பற்றியோ நிம்மதியாகப் பேச முடியவில்லை. அம்மா புதுத் திரைச்சீலை வாங்கினால் மாமா, "அங்க எல்லாம் வெல்வெட், பொன்னூலில தேனீ தைச்சிருக்கும்" என்பார்.

அப்போது மாமாவுக்கு ஒரு பெண் பேசினார்கள். நேர்ஸாக வேலை செய்தவ. ஒரு சனிக்கிழமை பொழுதுபட்டபிறகு தமையனோடு எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. பெண்பார்க்கும் படலம் என்று சொன்னால் பழைய காலத்து ஆட்கள் என்று நினைப்பார்கள் என்பதால், படம் காட்டுகிறோம் என்று சொல்லி அழைத்தார்கள். அப்பா வேலைசெய்யும் இடத்திலிருந்து ஸ்லைட் புரொஜெக்டர் இரவல் வந்தது. அதன் பொத்தானை அழுத்தும் பொறுப்பு எனக்கு.

ஒத்திகையின்போது ஒரு சந்தேகம் கேட்டேன். "மாமா, ஒரு படத்திலையும் உங்களைக் காணேல்லையே?"

மாமா கதவைச் சாத்தினார். அவர் போன அன்று அரண்மனை பூட்டாம். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், எதிர்க்கடையில் இருபத்துநாலு ஸ்லைட் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டாராம். "கண்ணால பார்த்தாலென்ன, படத்தில பார்த்தாலென்ன, அரண்மனை ஒண்டுதானே" என்று சொல்லி ஒரு பெரிய சொக்லேட்டும் தந்தார். இரண்டில் எது என் வாயைக் கட்டியது என்று சொல்லத் தேவையில்லை.

சனிக்கிழமை வந்தது. நான் அன்ரி என்று கூப்பிடவேண்டிய அந்தப் பெண் சாம்பல் நிறச் சேலையில், அதிகம் பேசாமல், பின்வரிசைக் கதிரையில் இருந்தா. தமையன் முன்னால். மாமா திரைக்கு முதுகைக் காட்டி, அன்ரிக்கு முகத்தைக் காட்டி நின்றார். கையில் பிரம்பு.

"இது சிம்மாசன மண்டபம். மேல பாருங்கோ, கூரையில தொங்கிற பளிங்கு விளக்கு!"

நான் அந்த ஸ்லைட்டைத் தலைகீழாகப் போட்டிருந்தேன். விளக்கு நிலத்திலிருந்து பூச்செடிபோல முளைத்து நின்றது. சிம்மாசனம் கூரையில் தொங்கியது.

"கதிரையும் மேலதானோ தொங்குது?" என்று தமையன் மரியாதையாகக் கேட்டார்.

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. "சக்கரவர்த்தியெல்லோ, அவர் எல்லாருக்கும் மேலதான்" என்றார்.

அப்பா எழுந்துவந்து ஸ்லைட்டைத் திருப்பிப் போட்டார். சுவரோவியங்கள் போயின, மரச்செதுக்கல்கள் போயின, நெப்போலியன் முடிதுறந்து கையெழுத்து வைத்த சின்ன வட்டமேசையும் போனது. பிறகு படுக்கையறை வந்தது. அப்போதுதான் அன்ரி வாய் திறந்தா.

"நான் லண்டனில படிக்கேக்க இஞ்ச போனனான்."

மாமாவின் பிரம்பு அந்தரத்தில் நின்றது.

"இந்தக் கட்டிலடியில ஒரு காவல்காரன் நிண்டவர், பெரிய மீசையோட. உங்களுக்கு நினைவிருக்கோ?"

"மறக்கேலுமே!" மாமாவுக்கு உயிர் வந்துவிட்டது. ஒரு காதிலிருந்து மறு காதுவரை விரலால் இழுத்துக் காட்டினார். "இஞ்சயிருந்து இஞ்ச மட்டும் மீசை! கிட்டப் போனனெண்டு என்னை ஏசிப்போட்டான். பிறகு நான் சிலோன் எண்டு சொன்னவுடன, தேயிலையைப் பற்றி அரை மணித்தியாலம் கதைச்சவன். நல்ல மனுசன்."

இடைவேளையில் அம்மாவும் நானும் குசினியில் பற்றிஸ் பலகாரம் அடுக்கிக்கொண்டிருந்தோம். அன்ரி கோப்பைகளை எடுக்க வந்தா.

"அக்கா, அங்க மீசைக்காரன் ஒருத்தரும் இல்லை. சும்மா கேட்டுப் பார்த்தனான்" என்றா.

அம்மாவின் முகம் வெளிறியது. "தம்பி நல்லவன்..." என்று தொடங்கிவிட்டு, அடுக்கிய பற்றிஸையே திரும்பவும் அடுக்கினா. இனி உண்மைதான் மாமாவைக் காப்பாற்றும் என்று எனக்குத் தோன்றியது. பூட்டு, கடை, இருபத்துநாலு ஸ்லைட், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

"பூட்டெண்டு தெரிஞ்சவுடன திரும்பிட்டாரோ?" அன்ரி என்னிடம் கேட்டா.

"இல்லை. கம்பிக்குள்ளால பார்த்துக்கொண்டு நிண்டவராம். மழை வந்து கோட்டெல்லாம் நனைஞ்சுபோச்சாம். அப்பவும் நிண்டவராம்."

அன்ரி கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தா. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தா. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு விறாந்தைக்குப் போய், இந்தமுறை முன்வரிசையில் இருந்தா.

"அந்தக் கட்டில் படத்தை இன்னொருக்கால் போடச் சொல்லுங்கோ. மீசைக்காரன் எந்தப் பக்கம் நிண்டவர் எண்டு எனக்கு மறந்துபோச்சு."

மாமா ஒரு நொடியும் தயங்கவில்லை. கட்டிலின் இடதுபக்கத்தைப் பிரம்பால் தொட்டு, "இஞ்ச" என்றார். அன்ரி, மிகவும் அக்கறையாகத் தலையாட்டினா.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லிப் பிடிபட்டவர்களை வகுப்புக்கு வெளியே நிறுத்துவார்கள். எனவே மாமாவின் கலியாணம் குழம்பிவிட்டது என்று நிச்சயமாக எண்ணிக்கொண்டு, மிச்சப் படங்களைத் துக்கத்தோடு தள்ளினேன்.

மறுநாள் காலை தமையன் தொலைபேசியில் அழைத்தார். தங்கச்சிக்குப் பூரண சம்மதமாம், நாள் பார்க்கட்டாம். அம்மா ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்து அழத் தொடங்கினா.

பாவம், மாமாவின் பொய்யைப் பற்றி நான் சொன்னது அன்ரிக்குச் சரியாக விளங்கவில்லைப்போல, அதுதான் அம்மா அழுகிறா என்று நினைத்தேன். அம்மாவின் தோளைத் தொட்டு, "நான் ஃபோன் எடுத்து இன்னொருக்கால் ஆறுதலா, விளங்கிறமாதிரிச் சொல்லட்டோ?" என்று கேட்டேன்.